முகத்தில் பிறந்தவருக்கும் முதுகடியில் வால்!

இலண்டன் மாநகர் விழாக்கோலம் பூண்டு நின்றது. வீதிதோறும் வளைவுகள், மாளிகைதோறும் கொடிகள், கடல் கடந்து வந்து குவிந்த இளவரசர்கள், தூதுவர்கள், படைத்தலைவர்கள்! ஏழாம் எட்வர்டு மன்னனுக்கு 1902ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் முடிசூட்டு விழா. ஆண்டவன் அருளால் அரசாள வந்தவன் என்று நாணயத்திலேயே பொறித்துக்கொண்ட மன்னன் அவன். அவன்மீது புனித எண்ணெய் பூசத் தலைமைக் குருமார் காத்திருந்தனர். விழாவுக்கு இன்னும் இரண்டே நாள். மன்னனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தான்!

ஜூன் 24ஆம் நாள் அரண்மனை அறையிலேயே அறுவை நடந்தது. மருத்துவர் ஃபிரெடரிக் டிரீவ்ஸ் மன்னனின் வயிற்றைக் கீறிச் சீழை வெளியேற்றினார். நோய்க்குக் காரணம் யாது? பகையரசன் இட்ட நஞ்சா? அன்று. பிணங்கிய பெருந்தெய்வத்தின் சீற்றமா? அதுவும் அன்று. பெருங்குடலின் தொடக்கத்திலே விரல் நீளத்திற்குத் தொங்கும் குடல்வால்! கதிரவன் மறையாதது என்று பெருமை பேசிய பேரரசின் முடிசூட்டு விழாவை, ஆகஸ்டு 9ஆம் நாளுக்குத் தள்ளிப்போட்டது அந்தச் சிறுகுழாய்.

அருள் பெற்ற மன்னனின் வயிற்றில் இருந்த அதே குடல்வால், அவனுடைய குதிரை லாயத்தைக் கூட்டிப் பெருக்கிய ஏழையின் வயிற்றிலும் இருந்தது. அழன்றால் இருவருக்கும் ஒரே வலி; அறுத்தால் இருவருக்கும் ஒரே குருதி. குருமார் சொல்லாத சமத்துவத்தைக் குடல்வால் சொல்லிற்று.

தோழர்களே! அந்தக் குடல்வாலும் அதன் கூட்டாளிகளும் இன்னும் என்னென்ன சொல்லுகின்றன என்பதைக் கேட்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மனித உடல் ஆண்டவனின் அற்புதப் படைப்பு, அதில் ஓர் அணுவும் வீணாக வைக்கப்படவில்லை என்று கதாகாலட்சேபக்காரர்கள் காலங்காலமாகப் பாடி வருகின்றனர். கண்ணைக் காட்டி, "இப்படியொரு கருவியை யாரால் செய்ய முடியும்?" என்பர். கையைக் காட்டி வியப்பர். மூளையைக் காட்டி மெய்மறப்பர். நாமும் வியக்கிறோம். ஆனால், அவர்கள் காட்டும் உறுப்புகளை மட்டும் கண்டு திரும்பிவிட நாம் கோயிலுக்கு வந்த பக்தர்களல்லர். காட்டாத உறுப்புகளையும் காண விழைகின்ற பகுத்தறிவாளர்கள்.

எச்ச உறுப்புகள் என்று உயிரியல் அறிஞர் கூறுவது அவற்றைத்தான். முன்னோருக்கு முழுப் பணி செய்து, வழித்தோன்றல்களில் அந்தப் பணியை இழந்து, சுருங்கி, அடையாளமாக எஞ்சி நிற்கும் உறுப்புகள். ஒருவரது தகுதியை அவர் விட்டுச்சென்ற எச்சத்தைக் கொண்டு காணலாம் என்றார் வள்ளுவர். ஓர் உயிரின் வரலாற்றையும் அதன் எச்சத்தைக் கொண்டே காணலாம் என்றார் சார்லஸ் டார்வின், 1859இல் தாம் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலிலே. 1871இல் மனிதனின் மரபு பற்றி எழுதியபோது, அதே அளவுகோலை மனித உடலின் மீதே வைத்தார்.

நாமும் வைப்போம். தேடிப் போக வேண்டியதில்லை, ஏடு புரட்ட வேண்டியதில்லை. ஆராய்ச்சிக் கூடம் நம் தோலுக்குள்ளேயே இருக்கிறது.

முதுகுத்தண்டின் அடியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே முடிவில் இருப்பது வாலெலும்பு. பெரும்பாலோருக்கு நான்கு சிறு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்நோக்கி வளைந்திருக்கும். வாலில்லாத மனிதனுக்கு வாலெலும்பு எதற்கு? தாயின் வயிற்றிலே நாம் நான்கைந்து வாரக் கருவாக இருந்தபோது நம் அனைவருக்கும் வால் இருந்தது. ஒப்புக்குச் சொல்வதன்று; கண்ணால் காணக்கூடிய வால்! எட்டாம் வாரம் முடிவதற்குள் அது சுருங்கி மறைந்துவிடுகிறது. அனுமனை வணங்குவோருக்கும் உண்டு, வணங்காதோருக்கும் உண்டு.

அந்த வால் எப்படிப் போயிற்று? அதற்கும் தடயம் கிடைத்திருக்கிறது. வால் வளர்வதில் பங்குகொள்ளும் மரபணு ஒன்றின் நடுவே, ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு துண்டு வந்து செருகிக்கொண்டது. வாலில்லாக் குரங்குகளிடமும் மனிதரிடமும் அந்தச் செருகல் உண்டு. வாலுள்ள குரங்குகளிடம் இல்லை. செருகலின் விளைவை எலிகளின் மரபணுவிலே உண்டாக்கிப் பார்த்தபோது குட்டை வாலோடும் வாலே இல்லாமலும் எலிகள் பிறந்தன. 2024இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு இது.

கண்ணாடி முன் நின்று கண்ணின் உட்கோடியைப் பாருங்கள். மூக்கின் பக்கமாக இளஞ்சிவப்பாய் ஒரு சிறு மடிப்புத் தெரியும். பறவைகளிடமும் பல்லியினங்களிடமும் பூனையிடமும் இதற்கு நிகரான பகுதி, கண்ணின் குறுக்கே திரைபோல் ஓடும் மூன்றாவது இமையாக இருக்கிறது. மனிதரிடமோ ஓடாத திரையின் ஓரம் மட்டும் எஞ்சிக் கிடக்கிறது. நெற்றியிலே மூன்றாவது கண் இருப்பதாகப் புராணிகர் சொன்னார், யாரும் கண்டதில்லை. கண்ணோரத்திலே மூன்றாவது இமையின் மிச்சம் இருப்பதாக உயிரியலார் சொன்னார், யாரும் காணலாம். நம்பச் சொல்வதற்கும் பார்க்கச் சொல்வதற்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

மாடு ஒலி வந்த பக்கம் காதைத் திருப்புகிறது, நாய் நிமிர்த்துகிறது. நமக்கும் காதைச் சுற்றித் தசைகள் மூன்று உண்டு. ஆனால், ஆயிரம் முயன்றாலும் நம்மில் பெரும்பாலோரால் காதை அசைக்க முடியாது. அசைக்கத் தெரிந்த சிலர் பள்ளிப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கலாம். அந்தத் தசைகளால் இன்று நமக்குக் கிட்டும் பெரும்பயன் அதுவே!

அடுத்து மயிர்க்கூச்சு. குளிரிலே நடுங்கினாலும், அச்சம் கொண்டாலும், உள்ளம் உருகினாலும், கையிலுள்ள மயிர் குத்திட்டு நிற்கிறது. பக்தர்கள் இதை இறையருள் இறங்கியதற்கு அடையாளம் என்பர். நாயைக் கண்ட பூனையைப் பாருங்கள். அதன் மயிரும் குத்திட்டு நிற்கிறது. உருவம் பெரிதாகி எதிரியை மிரட்டுகிறது. குளிர்காலத்தில் மயிருக்கிடையே காற்று தங்கி உடலுக்குக் கதகதப்பு அளிக்கிறது. அதே தசை, அதே நரம்பு, அதே ஏற்பாடு! போர்வைபோன்ற மயிர் நமக்குப் போய்விட்டது. அதைத் தூக்கி நிறுத்தும் தசை மட்டும் போகவில்லை. பூனைக்கு நேர்ந்தால் அச்சம், புலவருக்கு நேர்ந்தால் பக்திப் பரவசமா?

இன்னொன்று. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒன்றுசேர்த்து, மணிக்கட்டைச் சற்றே மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவே நாண்போல் ஒன்று புடைத்து நிற்கிறதா? சிலருக்கு நிற்கும், சிலருக்கு ஒரு கையில் மட்டும் நிற்கும், சிலருக்கு இரு கைகளிலும் இராது. அந்தத் தசை பிறவியிலேயே இல்லாதவர்கள் பலர் உண்டு. அவர்களும் மூட்டை தூக்குகின்றனர், ஏர் பிடிக்கின்றனர், எழுதுகின்றனர். வேறிடத்தில் அறுந்த நாணுக்கு மாற்றாகப் பொருத்த, அறுவை மருத்துவர் இதைத்தான் எடுக்கிறார். எடுத்தாலும் கையின் வேலை நின்றுவிடுவதில்லை.

ஞானப்பல்லைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? சுருங்கிப்போன தாடையில் இடமில்லாமல் முண்டியடித்துக்கொண்டு வந்து, ஈற்றை வீங்கவைத்து, இரவெல்லாம் தூங்கவிடாமல் செய்து, கடைசியில் மருத்துவரின் குறட்டில் முடியும் பல்லுக்கு ஞானப்பல் என்று பெயர்! பிடுங்கிய பின்புதான் ஞானம் வருகிறது போலும்.

மனிதரோடு இது முடிந்துவிடவில்லை. பாம்பின் கால் பாம்பறியும் என்பது பழமொழி. இன்று அதைப் பாம்பு மட்டுமல்ல, உயிரியல் மாணவனும் அறிவான். மலைப்பாம்பின் உடலின் பின்பகுதியில், கழிவாய்க்கு இருபுறமும் சிறு நகம்போன்ற முட்கள் இருக்கின்றன. உள்ளே இடுப்பெலும்பின் மிச்சமும் தொடையெலும்பின் மிச்சமும் இருக்கின்றன. கடலிலே நீந்தும் திமிங்கிலத்தின் தசைக்குள்ளே இடுப்பெலும்பு புதைந்து கிடக்கிறது. நிலத்திலே நான்கு கால்களால் நடந்த முன்னோரின் முத்திரை அது.

"இது தற்செயல் ஒற்றுமையாக இருக்கக்கூடாதா?" என்று கேட்போருக்கு ஒன்று சொல்வோம். பழைய ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர்கள் எப்படி ஆராய்ந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டு ஊர்களில் இரண்டு சுவடிகள். இரண்டிலும் ஒரே பாட்டின் ஒரே அடியில் ஒரே எழுத்துப் பிழை. இருவர் தனித்தனியே சரியாக எழுதியிருந்தால் ஒற்றுமையில் வியப்பில்லை. தனித்தனியே ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்வார்களா? இரண்டும் ஒரே தாய்ச்சுவடியைப் பார்த்து எழுதப்பட்டவை என்று தேர்ந்து சொல்லுவர். பிழைதான் பிறப்பைக் காட்டிக்கொடுக்கிறது!

நம் உடலிலும் அத்தகைய பிழை உண்டு. ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சி சத்தைத் தன் உடலிலேயே செய்துகொள்கிறது. நாயும் பூனையும் அப்படியே. நம்மால் முடியாது. பழமும் காயும் கிடைக்காவிட்டால் ஈறு வீங்கிக் குருதி கசிந்து ஸ்கர்வி நோயால் மடிகிறோம். நெடுங்கடல் ஓடிய மாலுமிகள் ஆயிரமாயிரவர் அப்படித்தான் மடிந்தனர். அந்தச் சத்தைச் செய்து முடிக்கும் மரபணு நம்மிடம் இல்லையா என்றால், இருக்கிறது. பழுதுபட்டு, பாதி அழிந்து, இயங்காமல் கிடக்கிறது. சிம்பன்சியிடமும் கொரில்லாவிடமும் மற்றக் குரங்குகளிடமும் அதே மரபணு அதே வகையில் பழுதுபட்டுக் கிடக்கிறது. கினிப்பன்றியிடமும் அது கெட்டுப்போயிருக்கிறது. ஆனால் அது தனியே கெட்டது, பழுதின் அமைப்பும் வேறு. எல்லாம் வல்லவன் ஒருவன் தனித்தனியே படைத்திருந்தால், மனிதனுக்கும் குரங்குக்கும் ஒரே உடைந்த கருவியைத் தனித்தனியே உடைத்து வைத்தானா? கைவினைஞனின் புகழைக் காக்க விரும்புவோரே, உங்கள் விடை என்ன?

இனி, நம் மேடைப் பேச்சாளர்களுக்கும் ஒரு சொல். எச்ச உறுப்பு என்றால் எதற்கும் பயன்படாத உறுப்பு என்று நம்மவர் சிலர் முழங்கிவிடுகின்றனர். அது பிழை. ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் வீடர்ஷைம் 1893இல் மனித உடலில் இத்தகையவை 86 என்று பட்டியலிட்டார். அவற்றுள் சிலவற்றுக்கு இன்றியமையாத பணி உண்டு என்று பின்னர் வந்தவர்கள் கண்டறிந்தனர். குடல்வாலில் நோயெதிர்ப்புத் திசு இருக்கிறது. கழிச்சல் நோயால் குடல் கழுவப்பட்டபின், நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு அது புகலிடமாகலாம் என்று கருதும் அறிஞரும் உளர். குடல்வால் வெறும் சுருங்கிய குடற்பையே என்ற டார்வினின் கருத்தை அப்படியே ஏற்காதோரும் உளர். வாலெலும்பும் சும்மா இல்லை; இடுப்படித் தசைகள் பற்றிக்கொள்ளும் முளையாக நிற்கிறது.

உடனே மறுதரப்பார் துள்ளுகின்றனர்: "பார்த்தீர்களா, பயன் இருக்கிறது! டார்வின் வீழ்ந்தார்!"

பொறுங்கள், பெரியோர்களே! பாட்டி மசாலை அரைத்த அம்மி, இன்று கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கிறது. பயன்படுகிறதே, ஆகையால் அது அம்மியாக இருந்ததே இல்லை என்பீர்களா? நடுவே தேய்ந்த பள்ளமும் உளி கொத்திய தடமும் அது முன்பு யாதாக இருந்தது என்பதைச் சொல்லவில்லையா? பழைய பணி போனபின் சிறு பணியோ புதுப் பணியோ மிஞ்சலாம் என்பதை டார்வினே எழுதியிருக்கிறார். பயன் உண்டா இல்லையா என்பதல்ல வழக்கு; வால் இல்லாதவன் உடலில் வாலின் எலும்பு ஏன் வந்தது என்பதே வழக்கு. ஓர் எடுத்துக்காட்டுத் திருத்தப்பட்டால் அதைத் தயங்காது ஏற்றுக்கொள்வோம். திருத்திக்கொள்வதால் சிறுமைப்படுவது வேதம். திருத்திக்கொள்வதால் வளர்வது அறிவியல்.

இன்னொரு பிழையையும் விலக்குங்கள். பயன்படுத்தாததால் உறுப்புத் தேய்ந்தது, தேய்ந்ததைப் பிள்ளை பெற்றது என்பது டார்வினுக்கு முந்தைய காலத்துக் கருத்து. டார்வினும் அதற்கு ஓரளவு இடம் கொடுத்தார். பின்னர் வளர்ந்த மரபணுவியல் அதைக் கைவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் காது குத்துகிறோம். எந்தக் குழந்தையாவது துளையோடு பிறந்ததுண்டா? நடப்பது வேறு. மரபணுவில் மாறுதல்கள் தாமாகத் தோன்றுகின்றன. ஓர் உறுப்பு உயிர்வாழ இன்றியமையாததாய் இருக்கும்வரை அதைக் கெடுக்கும் மாறுதல் பெற்றவை மிகுதியாய் மடியும். மரபில் அந்தக் கேடு தங்காது. தேவை போய்விட்டால் காவலும் போய்விடுகிறது. பழம் தின்று வாழ்ந்த முன்னோருக்குச் சத்துச் செய்யும் மரபணு கெட்டும் உயிர் போகவில்லை, கேடு தங்கிவிட்டது. அவ்வளவே.

இந்த எளிய உண்மையை ஏற்க இங்கே எத்தனை தடை! 2018 சனவரியில் ஒன்றிய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தவறு என்றார். குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததாகச் சொன்னதில்லை என்பது அவர் காட்டிய காரணம். அவர் மும்பையின் காவல் ஆணையராக இருந்தவர்! கண்ணால் கண்ட சாட்சி இல்லாத வழக்கிலெல்லாம் கள்வரை விட்டுவிட்டாரா? கைரேகை, காலடித் தடம், உடைந்த பூட்டு ஆகியவற்றைச் சான்று என்று நீதிமன்றத்தில் வைக்கவில்லையா? வாலெலும்பு கைரேகை; கெட்ட மரபணு உடைந்த பூட்டு. அன்றியும், இன்றைய குரங்கு இன்றைய மனிதனாயிற்று என்று டார்வின் சொல்லவில்லை. சிம்பன்சியும் நாமும் ஏறத்தாழ 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது முன்னோரிடமிருந்து பிரிந்த கிளைகள். சிற்றப்பன் மகன் என்றால் பிள்ளை என்று கொள்வது கணக்குப் பிழை.

2019 சனவரியில் ஜலந்தரில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் ஒரு துணைவேந்தர், டார்வினைவிடத் தசாவதாரமே மேலான விளக்கம் என்றார். மீன், ஆமை, பன்றி, நரசிங்கம் என்ற வரிசை அவரை மயக்கிற்று. மீனாக வந்தவர் ஆமையைப் பெற்றாரா? ஆமை பன்றியை ஈன்றதா? விரும்பியபோது விரும்பிய வேடம் புனைந்து வருவது நாடகம். தலைமுறைதோறும் சிறுகச் சிறுக மாறி வருவது பரிணாமம். இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடும் முடிச்சு.

2023இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பரிணாமப் பகுதி காணப்படவில்லை. 'மரபுவழியும் பரிணாமமும்' என்றிருந்த இயல், 'மரபுவழி' என்று நின்றது. பாடச்சுமையைக் குறைத்தார்களாம்! பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்றனர். பத்தோடு உயிரியலை விட்டு விலகும் பிள்ளைகளுக்கு எங்கே இருக்கிறது? அறிவியலாளரும் ஆசிரியரும் 1,800 பேருக்கு மேல் கையொப்பமிட்டுக் கண்டித்தனர். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976இல் அரசமைப்புச் சட்டத்தில் எழுதிச் சேர்த்த நாடு இது!

1925ஆம் ஆண்டை நினைவுகூருங்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து டேட்டன் என்ற சிற்றூரில், பரிணாமத்தைக் கற்பித்தார் என்பதற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் ஜூலைத் திங்களில் கூண்டில் நிறுத்தப்பட்டார். 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அந்தச் சட்டம் நீங்க 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1925 மே 2ஆம் நாள் ஈரோட்டில் 'குடி அரசு' ஏடு பிறந்தது. அங்கே விவிலியத்தின் ஆறு நாள் படைப்பைக் காக்க வழக்கு; இங்கே பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் படைப்புக் கதையைத் தகர்க்க ஏடு. கடல் இடையே கிடந்தாலும் களம் ஒன்றே.

ஏன் இத்தனை அச்சம் அவர்களுக்கு? வாலெலும்பு ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே! இல்லை, தோழர்களே, அந்தச் சிற்றெலும்பின்மீது ஒரு பெரிய கோபுரம் இடிந்து விழுகிறது. முகத்திலிருந்து ஒருவன், தோளிலிருந்து ஒருவன், தொடையிலிருந்து ஒருவன், காலிலிருந்து ஒருவன் பிறந்தான் என்ற கதையின்மீதுதானே நால்வகைச் சாதியும் கட்டப்பட்டது? முகத்தில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்பவரின் முதுகடியைத் தடவிப் பாருங்கள், அதே வாலெலும்பு! காலில் பிறந்ததாகத் தாழ்த்தப்பட்டவரின் மரபணுவைப் படித்துப் பாருங்கள். அதே இடத்தில் அதே பிழை! நான்கு தனித்தனி ஊற்றுகளிலிருந்து வந்தவர்களிடம் ஒரே தாய்ச்சுவடியின் ஒரே பிழை எப்படி வந்தது? வருணத்துக்கு ஒரு குடல்வால் இல்லை. கோத்திரத்துக்கு ஒரு ஞானப்பல் இல்லை. பரிணாமம் பாடநூலிலிருந்து போனால், பிள்ளைகள் இழப்பது ஓர் இயலை மட்டுமன்று. "பிறப்பால் எவனும் உயர்ந்தவனல்லன்" என்பதற்கு உடலே தரும் சாட்சியத்தை!

ஒன்றை மறவாதீர்கள். உடலில் உள்ள எச்சங்கள் நாம் கேட்டு வந்தவையல்ல. நாம் விரும்பிப் போகப்போகிறவையுமல்ல. ஆனால், சமுதாயத்தின் உடலிலும் ஓர் எச்சம் தொங்குகிறது. அது இயற்கை தந்ததன்று, மனிதன் கட்டியது. கட்டியவன் கையாலேயே அறுத்தெறிய முடியும். அழன்று சீழ்பிடித்தபின் மன்னனாயினும் கத்திக்குத் தப்ப முடியவில்லை; சாதி அழன்று எத்தனை தலைமுறையாயிற்று!

ஆகவே, செயலுக்கு வாருங்கள். நீக்கப்பட்ட அந்தப் பாடத்தை உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே நடத்துங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து உட்காரவையுங்கள். கண்ணாடி ஒன்று போதும், கண்ணோரத்தைக் காட்டுங்கள். கையை மடக்கச் சொல்லி நாணைத் தேடச் சொல்லுங்கள். நம்பு என்று சொல்லாதீர்கள்; பார் என்று சொல்லுங்கள். பார்த்துவிட்ட பிள்ளையிடம், நீ காலில் பிறந்தவன் என்று இனி எவரும் கதை சொல்லிவிட முடியாது.